நாற்பத்தொரு கிணறுகள்

வெள்ளியாற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய மடம். அதை நடத்திவந்த வேலம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த திருமேனிக்கு அறுபத்திரண்டு. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நிலம் அளந்துகொடுத்தே முப்பது வருடம் ஓட்டியவர். அந்த வேலையை ஏன் விட்டார் என்று அவர் சொன்னதில்லை. வேலம்மையும் கேட்டதில்லை.

தை மாதம் அறிவிப்பு வந்தது. மேட்டுப் பக்கம் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டப்போகிறார்கள். பன்னிரண்டு நாளில் கலெக்டர் முன்னிலையில் கருத்துக் கேட்புக் கூட்டம்.

திருமேனி பதறிக்கொண்டு வந்தார்.

"அம்மா, குழி காய்ஞ்சு கிடந்தாத்தான் கரி வெட்ட முடியும். அதுக்கு ராப்பகலா தண்ணியை இறைச்சு வெளியே விடுவாங்க. கீழே இருக்கிற கிணறெல்லாம் வத்திரும். இறைச்ச தண்ணி கரிச்சேறா ஆத்துல இறங்கி வயலுக்கு வரும். இதை எப்படித் தடுக்கிறது?"

வேலம்மை வாய்க்காலிலிருந்து கீரைப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இங்கே எத்தனை கிணறு இருக்கு?"

"தெரியலையே அம்மா."

"எண்ணிட்டு வாங்க. ஒவ்வொண்ணுலயும் தண்ணி எத்தனை அடியில கிடக்குன்னு அளந்துட்டு வாங்க."

"வக்கீலைப் பார்க்க வேண்டிய நேரத்துல கிணறு அளக்கவா?"

"வக்கீலைப் பார்க்க ஊர்க்காரங்க போயிருக்காங்க. அளக்கத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

திருமேனி தோட்டம் தோட்டமாக அலைந்தார். போன இடமெல்லாம் அவர் கையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்த பிறகுதான் பேசினார்கள். பத்தாம் நாள், நிலக்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மருதாயி கேட்டாள்.

"நீங்க சொரங்கத்துல இருந்தவராமே. எங்க கெணறு தப்புமா? நீங்க சொன்னா நாங்க நம்புவோம்."

திருமேனி சொம்பைக் கீழே வைத்தார். நேரே மடத்துக்குத் திரும்பினார்.

"அம்மா, செம்பாறைன்னு ஒரு ஊர். அங்கே கிணறுகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். பொய்யுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். மூணு வருஷத்துல எல்லாம் வத்திப்போச்சு."

"அதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?" என்றார் வேலம்மை. "எனக்குக் கிணறு இல்லையே."

பன்னிரண்டாம் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். கம்பெனி அதிகாரி அறிக்கையை வாசித்தார். "அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டம் பாதிக்கப்படாது."

திருமேனி எழுந்தார்.

"இதே வரியைச் செம்பாறைக்கு எழுதினவன் நான். அது பொய். இன்னைக்கு அங்கே லாரியிலதான் தண்ணி வருது."

"அடப்பாவி!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அவர் உட்காரவில்லை. கையிலிருந்த தாளைப் பிரித்தார்.

"மருதாயி கிணறு, இருபத்தாறு அடி. ஒச்சப்பன் கிணறு, முப்பத்தொண்ணு…"

பெயர் வாசிக்க வாசிக்க அந்தந்தக் கிணற்றுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நாற்பத்தொன்றாவது கிணறு முடிந்தபோது ஊரே நின்றுகொண்டிருந்தது.

கலெக்டர் அதிகாரியைப் பார்த்தார். "இந்த அளவெல்லாம் உங்க அறிக்கையில இருக்கா?"

"ஒண்ணு ரெண்டு கிணறு பார்த்தோம் சார்."

"மத்ததைப் பார்க்காமலா ஒண்ணும் ஆகாதுன்னு எழுதினீங்க?"

அனுமதிக்குப் பரிந்துரை இல்லை என்று கலெக்டர் அங்கேயே எழுதினார். ஆடியில், திட்டத்தைக் கைவிட்டதாகச் செய்தி வந்தது. ஊர் நாற்று நட இறங்கிவிட்டது.

அன்று சேற்றுக் காலோடு மடத்துக்கு வந்த திருமேனி, வேலம்மையின் முன் உட்கார்ந்தார்.

"இப்போதான் அம்மா பாரம் இறங்கின மாதிரி இருக்கு."

"நல்லது. செம்பாறைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"அங்கே எதுக்கு அம்மா? அங்கேதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"முடிஞ்சுபோச்சுன்னு அந்த ஊர்க்காரங்க சொன்னாங்களா, இல்ல இதுவும் நீங்களா எழுதினதா?"