வண்டி ஏறிய சிம்மாசனம்

முன்னொரு காலத்திலே, வண்டிக்காரன் வாயில் வந்ததே கூலி என்றிருந்த ஒரு நாடு. அங்கே வண்டிகள் எல்லாம் வல்லபராயர் என்ற பிரதானிக்குச் சொந்தம். வண்டி பிடிக்கிறவர்களுக்கென்று அவர் ராஜாவிடம் ஒரு சட்டம் வாங்கி வைத்திருந்தார். இறக்கும் இடத்தில் வண்டிக்காரன் சொல்வதே கூலி, அது தீரும்வரை வண்டி ஏறிய எதையும் இறக்கக் கூடாது, இறக்கினால் கைவிலங்கு. நல்ல சட்டம்தான் போங்கள்!

அதில் மாட்டினாள், வீடு மாற்றிப் போன செங்கமலம். புது வீட்டு வாசலில் வைத்து, பேசியதற்கு மேல் மூன்று மடங்கு கேட்டார்கள். இல்லை என்றதும் வண்டியை ராயரின் கொட்டடிக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். அவள் அரண்மனை விகடகவி பூவராகனிடம் ஓடினாள்.

“பானை சட்டி போனா போவுதுங்க சாமி. வண்டியில என் ஆடும் இருக்கு. பெத்தவளுக்குப் பால் இல்ல, பேரப்புள்ள அந்த ஆட்டுப்பாலத்தான் குடிக்குது. காலையிலேர்ந்து பசியில கத்துதுங்க!”

பூவராகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே சபைக்குப் போய் முறையிட்டான்.

“உயிருள்ளதோ இல்லாததோ, வண்டி ஏறினால் சாமான்தான் அரசே,” என்றார் ராயர்.

“சட்டம் சட்டம்தான்,” என்று ராஜா கையை உதறினார். அவருக்கு வேறு கவலை. ஆற்றங்கரை மாளிகைக்குச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே, உற்சவ மூர்த்தி மாதிரி, வண்டியில் போக வேண்டுமாம்!

“பூவராகனே ஓட்டட்டும், அரசே. ஒரு கீறல் விழுந்தாலும் அவன் தலை போகட்டும்,” என்றார் ராயர். மாடு ஓட்டத் தெரியாதவன் இன்றோடு தொலைந்தான் என்று அவருக்கு மனம் குளிர்ந்தது.

“இப்போதே ஓட்டுகிறேன்,” என்றான் பூவராகன்.

ராஜாவைச் சிம்மாசனத்தோடு வண்டியில் ஏற்றியதும், தான் ஏறாமல் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனான். கீறல் இல்லாமல் மாளிகை வாசலில் கொண்டு நிறுத்தினான். உச்சி வெயில். ராஜா எழுந்தார்.

“இறங்கக் கூடாது அரசே. கூலி தீரவில்லை.”

“மடையா! மகாராஜா என்ன சாமானா?” என்று ராயர் பாய்ந்தார்.

“உயிருள்ளதும் சாமான் என்றது எந்த வாய்? இறக்குங்கள் பார்ப்போம், விலங்கு தயார்!”

ராயர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சேவகர்களும் பின்வாங்கினார்கள்.

“உன் தலை தப்பாது, பூவராகா!” ராஜாவுக்கு வியர்த்து வழிந்தது.

“தாராளமாக எடுங்கள். கூலியைத் தீர்த்து, இறங்கி வந்து எடுங்கள். பச்சைக் குழந்தைக்கு ஒரு சட்டம், தங்களுக்கு ஒரு சட்டமா?”

“கூலிதான் என்ன, சொல்லித் தொலை!”

“செங்கமலத்தின் வண்டி இப்போதே அவள் வாசலுக்குப் போக வேண்டும். இனிமேல் ஏற்றும் முன்பே கூலி பேச வேண்டும். பேசியதற்கு மேல் ஒரு காசு கேட்கக் கூடாது.”

ராஜா சூரியனைப் பார்த்தார். விழித்துக்கொண்டு நின்ற ராயரைப் பார்த்தார். குபீரென்று சிரித்துவிட்டார்.

“கொடுத்தோம்!”

ஆடு வீடு சேர்ந்த செய்தி வரும்வரை பூவராகன் அவரை இறங்க விடவில்லை. இறங்கிய ராஜா தலையை எடுக்கவில்லை. தம் முத்துமாலையை அந்தக் கழுத்தில் போட்டு, ராயரிடமிருந்து கொட்டடிச் சாவியையும் வாங்கி அவன் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் ஊர் திரும்ப வண்டி பூட்டியாயிற்று. ஏறப் போன ராஜா, தூக்கிய காலைச் சட்டென்று கீழே வைத்தார்.

“பூவராகா, முதலில் கூலியைச் சொல்!”