தக்காளி விதை சட்டை போட்டுக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் செடி பேசும், தவளை பேசும், கூழ்ப்பானைக்குள் நுரைத்துக் கிடக்கும் புளிப்புகூடப் பேசும். மனிதர்களும் வேலைக்கு நடுவே அவற்றோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். யாரும் அதை அதிசயமாக நினைத்ததில்லை.

செங்காட்டுப்புதூரில் பூவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். புளிப்பென்றால் அவளுக்கு உயிர். மாங்காய், நெல்லிக்காய், புளியம்பிஞ்சு எதையும் விட்டுவைக்கமாட்டாள். அவள் புருஷன் ராக்கியப்பன் நல்ல உழைப்பாளி. சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். சாப்பாடு நன்றாக இருந்தால் அதுவும் வராது.

தக்காளி அன்றைக்கு இப்போது இருப்பதுபோல இல்லை. செடி இதே செடிதான். பூவும் இதே மஞ்சள் பூதான். கோளாறெல்லாம் பழத்துக்குள்ளே. காய் சிவந்த கொஞ்ச நேரத்திலேயே உள்ளே இருக்கும் விதைகள் விழித்துக்கொள்ளும். "விடிஞ்சிருச்சு! விடிஞ்சிருச்சு!" என்று ஒரே கூச்சல். ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு பழத்துக்குள்ளேயே முளைவிட்டு, தோலைக் கிழித்துக்கொண்டு பச்சைப் பச்சையாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஊரில் அதற்குத் தாடிக்காய் என்றே பெயர். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு புல்லுக்கட்டு இருக்கும். மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

முளைத்ததாவது பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. பழம் பழுப்பது நல்ல வெயிலில். பழத்தோடு கீழே விழுந்த இளங்கன்றுகள் அந்தச் சூட்டில் பொசுங்கிப்போகும். மழை வரும்போது விதைக்கலாம் என்று பார்த்தால் ஒரு விதையும் மிஞ்சியிருக்காது. இப்படியே வருஷத்துக்கு வருஷம் செடிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் சுற்றுவட்டாரத்திலேயே ஒரு செடிதான் மிச்சம். அது பூவாத்தாள் வீட்டுப் புறக்கடையில், குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் நின்றது.

"அதைப் புடுங்கிப் போட்டுட்டு ஒரு கத்தரி வை புள்ள," என்றான் ராக்கியப்பன். "தாடி வளக்கறதுக்கா தண்ணி ஊத்தறோம்?"

"பொறுங்க," என்றாள் பூவாத்தாள்.

அவள் பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஒரு தடவை, பழம் சிவந்தும் விதைகள் இன்னும் கண் விழிக்காத அந்தக் கொஞ்ச நேரத்தில், அதைப் பறித்து ஒரு கடி கடித்துப் பார்த்திருந்தாள். புளிப்பும் இனிப்பும் ஒன்றாக வந்து, நாக்கின் இரண்டு ஓரமும் கூசி, தாடை வரைக்கும் இழுத்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து சிரித்துவிட்டாள். அடுத்த கடி கடிப்பதற்குள் உள்ளே கூச்சல் கிளம்பிவிட்டது. ஆனால் அந்த ஒரு கடியை அவளால் மறக்க முடியவில்லை.

அவள் செடியிடம் போய்க் குந்தினாள்.

"உன் புள்ளைங்க ஏன் இப்படிப் பண்றாங்க? கத்தரியோட புள்ளைங்க தூங்குது. அவரையோட புள்ளைங்க நெத்துக்குள்ள எத்தனை மாசம் வேணும்னாலும் தூங்குது."

செடி பெருமூச்சு விட்டது. "என் வீடு அப்படி, பூவாத்தா. அவரைக்குக் காஞ்ச வீடு. எனக்கு வீடு முழுக்கத் தண்ணி. விதைக்கு ஈரம்னா விடியல், காஞ்சு கெடந்தா ராத்திரி. என் புள்ளைங்க பழத்துக்குள்ள இருக்கற சாறைத் தொட்டதும் மழை வந்துருச்சுன்னு நெனைச்சுக்கறாங்க. அதுங்களைத் திட்டி என்ன பண்ண? இந்தத் தடவையும் இப்படியே போச்சுன்னா என்னோட எங்க வம்சம் முடிஞ்சுது."

பூவாத்தாள் யோசித்தபடி எழுந்தாள். தண்ணீருக்குள்ளேயே கிடந்தும் ஈரம் படாமல் தூங்குவது எப்படி? அவள் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அதே யோசனையில் துணி துவைக்க ஊர்க்குட்டைக்குப் போனவள், கரையோரம் எதையோ பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

தண்ணீருக்குள் தவளை முட்டைகள் கொத்தாக மிதந்தன. ஒவ்வொரு முட்டையையும் சுற்றி நுங்குபோல ஒரு வழுவழுப்பு. தண்ணீர் ஆடுகிறது, முட்டைகளும் ஆடுகின்றன. ஆனால் ஒன்றாவது விழிக்கவேண்டுமே! உள்ளே கருப்புப் புள்ளிகள் நிம்மதியாகத் தூங்கின.

முட்டைகளுக்குப் பக்கத்தில் கல்மேல் உட்கார்ந்திருந்தாள் குளத்தாயி என்ற தவளை. அந்தக் குட்டைக்கே அவள்தான் பெரிய வீட்டுக்காரி.

"குளத்தாயி அக்கா, உங்க புள்ளைங்களுக்கு இது என்ன?"

"சட்டை," என்றாள் குளத்தாயி. "என் உடம்புல ஊறறது. போட்டுவிட்டா தண்ணி உள்ள எட்டாது. நேரம் வர்ற வரைக்கும் தூங்குவாங்க."

பூவாத்தாள் துணியை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீரோரம் மண்டியிட்டாள். தக்காளியின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் கடித்த அந்த ஒரு கடியைப் பற்றிச் சொல்லும்போது குளத்தாயிக்கே வாயில் எச்சில் ஊறியது.

"எனக்கும் ஒரு கவலை இருக்குது," என்றாள் குளத்தாயி. "வெயில் ஏறுனா இந்தக் குட்டை வத்திரும். வருஷாவருஷம் நான் சேத்துக்குள்ள புதைஞ்சுக்கிட்டு உசுரைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கறேன்."

"எங்க வாய்க்காலோரம் எப்பவும் ஈரம்தான் அக்கா. தக்காளிச் செடியடியில நெழலும் இருக்குது. வந்து இருங்க."

"பூச்சி கிடைக்குமா?"

"செடி முழுக்கப் பூச்சிதான்!"

"அப்படின்னா நாளைக்கு எதுக்கு, இப்பவே வர்றேன். சட்டை இருக்கறப்போ என் புள்ளைங்களுக்கு நான் எதுக்கு?" என்று குளத்தாயி அவள் துணிமூட்டைமேல் தாவி ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

புறக்கடையில் இறங்கியதும் வேலையை ஆரம்பித்துவிட்டாள். செடியில் அப்போது பூ பூத்திருந்த நேரம். குளத்தாயி கிளை கிளையாகத் தாவி, ஒவ்வொரு மஞ்சள் பூவுக்குள்ளும் தன் வழுவழுப்பில் ஒரு சொட்டு வைத்தாள். பூ வாடி, பிஞ்சு பிடித்து, காய் உருண்டது. ராக்கியப்பனுக்குத்தான் பிடிக்கவில்லை.

"சாயங்காலமானா அது கத்தற கத்துல காதே அடைக்குது புள்ள!"

"நான் பாடறேன்," என்றாள் குளத்தாயி, செடியடியிலிருந்து முறைத்தபடி.

காய் சிவந்தது. பூவாத்தாள் பழத்தின்மேல் காதை வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. மறுநாளும் கேட்டாள். அப்போதும் இல்லை. நன்றாகச் சிவந்து பழுத்த ஒரு பழத்தைப் பறித்து, பயந்து பயந்து அறுத்தாள். உள்ளே ஒவ்வொரு விதையும் வழுவழுச் சட்டையைப் போர்த்திக்கொண்டு, சாற்றின் நடுவே சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று அவள் வைத்த குழம்பின் வாசம் தெருமுனை வரைக்கும் போனது. ராக்கியப்பன் ஒரு வாய் சாப்பிட்டான். நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு குனிந்து வட்டிலை வழித்துச் சாப்பிட்டு, "சட்டியில இன்னும் இருக்குதா அம்மிணி?" என்றான். புள்ள என்று கூப்பிடுகிறவன் அம்மிணி என்றதும் பூவாத்தாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் அவனே ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றினான். செடியடியில் இருந்தவளைப் பார்த்து, "பாடு பாடு, நல்லாப் பாடு," என்றும் சொல்லிவிட்டு வந்தான்.

ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு சிக்கலும் வந்தது. முதல் மழை பெய்ததும் பூவாத்தாள் பாத்தி கட்டி, பழத்தைப் பிழிந்து விதைகளை ஊன்றினாள். ஒன்றும் முளைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஊன்றினாள். அதுவும் முளைக்கவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தால், விதைகள் சட்டைக்குள் முடங்கிக்கொண்டு ஆழ்ந்த தூக்கத்தில் கிடந்தன. "கண்ணுகளா, மழை வந்திருச்சு, எந்திரிங்க," என்று கூப்பிட்டாள். சட்டையைத் தாண்டி அவள் குரல் உள்ளே போகவில்லை.

செடிக்கும் வயதாகிவிட்டது. இலை பழுத்துத் தண்டு வற்றத் தொடங்கியது. உச்சியில் ஒரே ஒரு பழம், கையளவு பெரியது, நின்றது.

"இது ஒண்ணுதான் இனி," என்றது செடி. "இதுக்குமேல என்னால முடியாது, பூவாத்தா."

ராக்கியப்பனுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

பூவாத்தாள் குளத்தாயியிடம் ஓடினாள். "அக்கா, உங்க புள்ளைங்களை எப்படி எழுப்புவீங்க?"

"நான் எங்க எழுப்பறேன்? நேரம் வந்தா அவங்களே சட்டையைத் தின்னுட்டு நீந்தி வந்துருவாங்க." குளத்தாயி சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறியது. "அடடா! உன் விதைகளுக்கு வாய் இல்லையே!"

வாய் உள்ள ஒருவரைத் தேட வேண்டியதாயிற்று. சட்டையை மட்டும் தின்ன வேண்டும், பிள்ளையைத் தொடக்கூடாது. பூவாத்தாள் அடுப்படிக்கு வந்து சுற்றிப் பார்த்தாள். மூலையில் கம்மங்கூழ்ப்பானை களுக் களுக்கென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் குடியிருந்த புளிப்புக்கு எப்போதும் பசி.

"புளிப்பே, வழுவழுன்னு இருந்தா திம்பியா?"

"வழுவழுப்பா? அதைவிட எனக்கு வேறென்ன வேணும்?" என்று பானை நுரைத்தது. "ஆனா ஒண்ணு. எனக்குத் திங்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. சட்டை தீந்ததும் என்னைக் கழுவி ஊத்திரணும். விட்டா உள்ள இருக்கறவங்களையும் தின்னுருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

பூவாத்தாள் வெகுநேரம் யோசித்தாள். இருப்பதோ ஒரே பழம். தவறினால் பிறகு உலகத்தில் தக்காளியே கிடையாது. வைத்திருந்தாலும் அழுகித்தான் போகும். அவள் செடியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"உன் கையில குடுக்கறேன்," என்று சொல்லிச் செடி பழத்தைத் தானே அவள் உள்ளங்கையில் உதிர்த்தது.

அவள் அதைச் சட்டியில் பிழிந்தாள். கூழ்ப்பானையிலிருந்து ஒரு கரண்டி புளிப்பை எடுத்து விட்டாள். சட்டியின் வாயை ஒரு துணியால் கட்டி நிழலில் வைத்தாள்.

"நான் பாத்துக்கறேன்," என்று ராக்கியப்பன் சட்டியருகே உட்கார்ந்துவிட்டான். பூவாத்தாள் நம்பாமல் பார்த்தாள். "என்ன பாக்கற? குழம்பு எனக்கும்தான வேணும்?"

சட்டி நாற ஆரம்பித்தது. சாதாரண நாற்றமில்லை. கோழிகள் அந்தப் பக்கம் வருவதை விட்டன. ராக்கியப்பன் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலே வெள்ளையாக ஏடு படிந்தது. உள்ளே புளிப்பு சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. துணியை விலக்கி எட்டிப் பார்ப்பான். விதைகள் இன்னும் வழவழவென்று மேலேயே மிதக்கும். மூடிவிடுவான். சோறும் அங்கேயே, தண்ணீரும் அங்கேயே.

ஒரு காலை நேரம். பூவாத்தாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். சட்டியருகிலிருந்து ராக்கியப்பன் போட்ட சத்தத்தில் விளக்குமாறு கைநழுவியது.

"அம்மிணி! உக்காந்துட்டாங்க! எல்லாரும் அடியில உக்காந்துட்டாங்க!"

ஓடி வந்தாள். விதைகள் சட்டை கழன்று சட்டியின் அடியில் படிந்திருந்தன. "இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய்," என்று புளிப்பு கெஞ்சியது. "தின்னது போதும் போ!" என்று அவள் தண்ணீரை ஊற்றி ஊற்றி நுரையை வடித்தாள். கடைசியில் கையில் எடுத்துப் பார்த்தால், விதைகள் பூனைக்குட்டியின் காதுபோல மெல்லிய ரோமத்தோடு சொரசொரவென்று இருந்தன. வழுவழுப்பு ஒரு பொட்டுகூட இல்லை. அதில் ஒன்று முனகியது.

"ஆத்தா, விடிஞ்சிருச்சா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. "இன்னும் இல்ல சாமி. தூங்கு. மழை வந்ததும் நானே வந்து எழுப்பறேன்."

ஈரம் இருந்தால் இவர்கள் தூங்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அடுப்பில் ஆறிக் கிடந்த சாம்பலை அள்ளி வந்து விதைகளைப் புரட்டினாள். சாம்பல் ஈரத்தையெல்லாம் குடித்தது. நிழலில் பரப்பி உலர்த்தினாள். ஈரம் போனதும் ராத்திரியாகிவிட்டது என்று நம்பி, அவரை விதையைப்போல, கத்தரி விதையைப்போல, தக்காளி விதைகளும் முதன்முறையாகக் காய்ந்த படுக்கையில் தூங்கிப்போயின. ராக்கியப்பன் ஒரு சுரைக்குடுக்கையில் அவற்றைப் போட்டு, வாயை அடைத்து, எறும்பு ஏறாத இடமாகப் பார்த்துக் கட்டித் தொங்கவிட்டான்.

அடுத்த மழைக்குப் பூவாத்தாள் பாத்தியில் விதை தூவினாள். சில நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு, இரண்டிரண்டு இலையாக, பாத்தி முழுக்கப் பச்சை எழுந்தது. பழைய செடி நின்ற இடத்திலிருந்து குளத்தாயி தாவித் தாவி வந்து ஒவ்வொரு கன்றையும் பார்த்தாள். ராக்கியப்பன் வரப்பில் நின்றுகொண்டு போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கன்று என்று பிடுங்கிக் கொடுத்தாள் பூவாத்தாள். காய்த்தபின் விதை எடுக்கும் வகையையும் சொல்லிக் கொடுத்தாள். "நாறும், பொறுத்துக்கங்க," என்று அவள் சொன்னதும் பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் தங்கள் புருஷன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

புதுச் செடிகளின் பழத்தில் விதைகள் பிறக்கும்போதே சட்டையோடு பிறந்தன. அந்த வருஷம் செங்காட்டுப்புதூரில் குழம்பு மணக்காத வீடு இல்லை.

தக்காளி விதை கையில் எடுத்தால் வழுக்கி ஓடுவது அன்றிலிருந்துதான். செடியின் நல்ல பழத்தைத் தின்னாமல் விதைக்கென்று விட்டு, பிழிந்து புளிக்க வைத்து, கழுவிச் சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்து எடுத்துவைப்பதும் அன்றிலிருந்துதான். இப்போதும் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடும்போது அடியிலிருந்து ஒரு தவளை துள்ளினால் யாரும் விரட்டுவதில்லை. இடம் அவளுடையது.