எவ்வளவு காற்று?

தங்கப்பழத்துக்கு வயது ஐம்பத்தாறு. லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு, ஜெசிந்தாவின் டயர் கடையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இருவருக்கும் அதில் சங்கடமில்லை.

மறுநாள் அவர் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து தன் காரில் கூட்டிவர வேண்டும். முதுகில் ஆபரேஷன். குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வழியெல்லாம் குண்டும் குழியும்.

"எவ்வளவு காத்து வைக்கணும், அக்கா?"

"முப்பத்திரண்டு வச்சுப் பாருங்க."

வைத்தார். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து உப்பளச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்தார். சின்னக் கல்லும் இருக்கையில் தெரிந்தது.

"குறைச்சுப் பாருங்க."

இருபத்திரண்டுக்கு இறக்கினார். கல் தெரியவில்லை. ஆனால் வளைவில் வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. ஒரு குழியில் ரிம் ணங்கென்று இடித்தது.

"கூட்டினா கல்லு. குறைச்சா ஆட்டம். எதுதான் சரி?"

"ரெண்டும் சரியில்ல."

"அப்ப நடுவுல?"

"நடுவுல ரெண்டும் கொஞ்சங்கொஞ்சம் வரும்."

அவர் சக்கரத்தைக் காட்டினார்.

"போன மாசம்தான் பெரிய ரிம் போட்டேன். பெருசு குழியில இறங்காதுல்லா?"

அவள் டயரின் பக்கவாட்டில் விரல்களை வைத்தாள். மூன்று விரல் அகலந்தான் இருந்தது.

"சக்கரத்தோட உயரம் பழைய உயரந்தான். ரிம் பெருத்துச்சு, ரப்பர் இளைச்சுப்போச்சு. அழகுக்குப் போட்டுட்டு குழியைச் சொல்லுதீங்க."

பழைய சக்கரங்கள் கடைக்குப் பின்னால் கிடந்தன. அவரே மாட்டினார். அவள் முப்பத்திரண்டு வைத்தாள்.

"சாவியக் குடுங்க. பின்னால படுங்க."

"நானா?"

"மதினி என்ன, ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டா வரப்போறாங்க?"

சொந்த வண்டியின் பின்சீட்டில் அவர் படுத்தது அதுவே முதல் தடவை. கூரை மட்டும் தெரிந்தது. கற்கள் தெரியவில்லை. வளைவில் ஆட்டமும் இல்லை. அப்பாடா என்று கண்ணை மூடினார். ஒரு குழி அவரைத் தூக்கிப் போட்டது. அடுத்தது எப்போது வரும் என்று தெரியாமல் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதுவும் வந்தது.

கடை வாசலில் இடுப்பைப் பிடித்தபடி இறங்கினார்.

"காத்து இறங்கிடுச்சா?"

"அளந்து பாருங்க."

அளந்தார். குறையவில்லை.

"சக்கரம் பழசுதானே?"

"நீங்கதானே மாட்டினீங்க."

"பெறவு ஏன் இப்படித் தூக்கிப் போடுது? நாளைக்கு அவ எப்படித் தாங்குவா?"

ஜெசிந்தா சாவியை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க எந்தக் குழிக்கும் பிரேக்கைத் தொடல, அண்ணாச்சி. நானும் தொடல."