பாறைத்தேனீயும் கழுவாத வாயும்

விலங்குகளும் பூச்சிகளும் மனிதரும் ஒரே மொழி பேசிவந்த அந்தக் காலத்தில், வைகாசித் திங்கள் பன்னிரண்டாம் நாள் காலை, மலையில் ஓர் இலையும் அசையவில்லை. வெயில் ஏறுமுன்பே புழுக்கம் நெஞ்சை அடைத்தது.

பாறை விளிம்பில் நின்று செம்பன் கொடிக்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான். தேனெடுக்க இறங்குபவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவனே பிடிக்க வேண்டும் என்பது அம்மலை வழக்கம். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பி கயிற்றை நழுவவிடுவான்? ஆகவே மைத்துனன் நஞ்சன் பிடித்தான். பிடித்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மச்சான், இரவு தின்ற உப்புக்கண்டம் இன்னும் உங்கள் வாயிலேயே குடியிருக்கிறது. கொப்பளித்துவிட்டு இறங்குங்கள்."

"தேனெடுக்கப் போகிறேனா, பெண் பார்க்கப் போகிறேனா? நான் குரல் கொடுக்காமல் இழுத்துவிடாதே. கயிறு ஆடினால் கூட்டில் மோதிவிடுவேன்."

கயிற்றில் இறங்கி, தேன்கூட்டுக்கு ஒரு முழம் தள்ளி, பாறை வெடிப்பில் முளைத்திருந்த வேப்பங்கன்றின்மேல் செம்பன் காலை ஊன்றினான். தேன் வேண்டுவோர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் தேனீக்கள் விலகி வழிவிடும்.

"தாயே, எங்கள் பங்கை..."

காற்றில்லாத அந்த இடுக்கில் அவன் மூச்சின் நாற்றம் போக வழியின்றித் தங்கியது. கூடு முழுவதும் சிலிர்த்தது.

"மூடு வாயை!" காவல் தேனீ அவன் மூக்கெதிரே வந்து நின்றது. "கரடிக்கும் இதே நாற்றந்தான். அதுவும் 'தாயே' என்றுதான் தொடங்கும். இன்னொரு முறை அந்த மூச்சு வந்தால், இங்குள்ள அத்தனை கொடுக்கும் உன் முகத்தில்!"

செம்பன் உதடுகளை இறுக மூடிக்கொண்டான். வாய் திறவாமல் நஞ்சனை அழைக்க இயலாது. அழைக்காமல் அவன் இழுக்கமாட்டான். தலைக்கு மேலே, பாறை முனையில் உரசிய கயிற்றின் நாரொன்று அறுந்து அவன் தோளில் விழுந்தது. கயிற்றை அசைத்து உணர்த்தினாலோ, எஞ்சிய நாரும் அறும்.

"மச்சான்! ஊமையாகிவிட்டீர்களா? என் கை எரிகிறது!"

செம்பன் மூச்சை அடக்கிக் குனிந்து, தன்னைத் தாங்கிய கன்றிலிருந்தே ஒரு குச்சியை ஒடித்தான். கன்று குலுங்கியது; வேரோரம் மண் உதிர்ந்தது. குச்சியைக் கடித்துப் பல்லைத் தேய்த்தான். இரண்டாகப் பிளந்து நாக்கை வழித்தான். பாறையில் கசிந்த நீரை உறிஞ்சிக் கொப்பளித்துப் பள்ளத்தில் உமிழ்ந்தான். இன்னொரு நார் அறுந்தது.

பிறகு, மெல்ல மூச்சை வெளியே விட்டான்.

காவல் தேனீ அவன் உதட்டைச் சுற்றி வந்து முகர்ந்தது. "வேம்பு மணக்கிறது. கரடி பல் துலக்காது. உயிரோடு போ, தேன் கிடையாது. இனி உங்கள் பேச்சை நம்பமாட்டோம், மூச்சைத்தான் நம்புவோம்."

"நஞ்சா, இழு!"

செம்பனின் மார்பு விளிம்பைத் தொட்டபோது கயிறு அறுந்தது. நஞ்சன் பாய்ந்து அவன் குடுமியைப் பற்றி மேலே இழுத்துப் போட்டான்.

"வாய் மணக்கிறதே மச்சான்! கீழே பெண் பார்த்தீர்களோ?"

செம்பன் சிரிக்கவில்லை. அன்று வெறுங்கையோடு வீடு திரும்பினான். மறுநாள் விடிந்ததும், மனைவியிடம் ஒரு சொல் பேசுமுன் வேப்பங்குச்சியை ஒடித்தான், உண்டெழுந்ததும் கொப்பளித்தான். ஊராரும் அவ்வாறே செய்யலாயினர். தேனீக்கள் அதன்பின் மனிதரோடு பேசவேயில்லை. இன்றும் ஒரு தேனீ நம் முகத்தருகே வந்து சுற்றுவதும், விடிந்ததும் முதற்சொல்லுக்கு முன் நாம் பல் துலக்குவதும், கயிறு அறுந்த அந்த நாள் முதல்தான்.