கூடை நிறைய வாசல் மண்

பூமி ஆடிய மறுநாளே ஊரில் காரணம் தேட ஆரம்பித்துவிட்டார்கள். இடிந்த சுவரைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். காரணம் தெரியாமல் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

மலையில் கல் உடைத்ததால் என்றார் ஒருவர். அம்மனுக்குக் கொடை நின்றுபோனதால் என்றாள் பூசாரியின் பெண்சாதி. கண்மாய் வற்றியதால் என்றது ஒரு தெரு. கடைசியில் எல்லாரும் திருமேனிநாதரிடம் வந்து நின்றார்கள்.

திருமேனிநாதர் புராணப் பிரசங்கி. எல்லைக்கல்லுக்கு அப்பால் மடத்தில் இருக்கும் நல்லாண்டிச் சாமியின் சீடர். வயதில் சீடர்தான் மூத்தவர். குருவுக்குப் பேச்சு வராது, சீடருக்குப் பேச்சு நிற்காது என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அவர் மண்டபத்தில் ஏறி நின்று சொன்னார்: "ஆதிசேஷன் ஆயிரம் தலையில் பூமியைத் தாங்குகிறான். எங்கே பாவம் கனக்கிறதோ, அந்தப் பக்கம் அவன் தலை சாய்கிறது."

கூட்டம் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தது.

காரைவீடுகள் எல்லாம் பிளந்து கிடந்தன. குயவர் தெருக் கோடியில் இருளாயியின் ஓலைக்குடிசை மட்டும் அப்படியே நின்றது. வைக்கோல் வைத்துச் சூளையில் அடுக்கிய பானைகளில் ஒன்றுகூட உடையவில்லை. கண்மாயில் தினமும் மண் தோண்டுகிறவள் அவள். புருஷன் இல்லை. இடுப்பில் ஒரு குழந்தை. ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கொள்ளைநோயோ பஞ்சமோ வந்தால் வீட்டுக்கு ஒரு பிடி வாசல் மண் எடுத்து ஒரே கூடையில் போடுவார்கள். யாரால் வந்தது என்று ஊர் நினைக்கிறதோ, அந்த ஆள் அதைச் சுமந்து போய் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கொட்ட வேண்டும். கொட்டியவர் மறுபடி ஊருக்குள் கால் வைக்கக் கூடாது.

கூடையை வீடு வீடாக எடுத்துப் போனவன் மாடக்கண்ணு. சுவர் சரிந்து அவனுடைய மகள் செத்துப்போயிருந்தாள். அன்றிலிருந்து அவன் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. தெருத் தெருவாக நடந்துகொண்டே இருந்தான். கூடை கையில் வந்த பிறகு அந்த நடைக்கு ஒரு வேலை கிடைத்தது.

கூடை கிளம்பிய அன்று உச்சிப்பொழுதில் திருமேனிநாதர் மூச்சு வாங்க மடத்துக்கு வந்தார்.

"சாமி, பூமி ஏன் ஆடுது?"

"நீங்கதான் மண்டபத்துல சொன்னீங்களாமே."

"அது கதை. நெசமாவே ஏன் ஆடுதுன்னு எனக்குத் தெரியணும். சாயங்காலம் இருளாயி தலையில கூடையை ஏத்தப்போறாங்க. கைப்புள்ளையோட அவ எங்க போவா?"

சாமி எழுந்து உள்ளே போனார். ஒரு மண்குடத்தில் தளும்பத் தளும்பத் தண்ணீர் மொண்டு வந்தார். துண்டைச் சும்மாடாகச் சுற்றிச் சீடரின் தலையில் வைத்து, அதன் மேல் குடத்தை வைத்தார். முற்றத்துப் பூவரசில் ஓர் இலை பறித்துத் தண்ணீரில் மிதக்கவிட்டார்.

"கையை எடுத்துட்டு அப்படியே நில்லுங்க. நான் வரட்டியைத் திருப்பிப் போட்டுட்டு வர்றேன்."

முற்றம் நிறைய வரட்டி காய்ந்துகொண்டிருந்தது. சாமி ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்து, திருப்பி வைத்தார். கிழக்கு மூலை முடிந்து தெற்கு மூலைக்குப் போனார்.

"சாமி, நேரமாகுது."

"ஆகட்டும்."

"அங்க ஒரு பொம்பளை உசிரைக் கையில பிடிச்சிட்டு நிக்கிறா. நீங்க வரட்டி திருப்புறீங்க."

சாமி வரட்டி திருப்பினார். சீடருக்குக் கோபம் கோபமாக வந்தது. குடத்தைத் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். பிடரி இழுத்தது. பொறுத்துப் பார்த்து, முடியாமல், தலையை ஒரு பக்கம் சாய்த்தார். தண்ணீர் சிந்தித் தோளை நனைத்தது.

"என்ன பண்ணீங்க?" என்றார் சாமி.

"கழுத்து வலிச்சுது. கொஞ்சம் சாய்ச்சேன்."

சாமி தரையைக் காட்டினார். பூவரச இலை கீழே கிடந்தது. அதில் எறும்புகள் இருந்திருக்கின்றன. சில ஈர மண்ணில் தத்தளித்தன. சில அசையவில்லை.

"இதுல எது பாவம் பண்ணுச்சுன்னு அந்தப் பக்கம் சாய்ச்சீங்க?"

"எறும்பு இருந்ததே எனக்குத் தெரியாது சாமி."

"ஆதிசேஷனுக்குக் கழுத்து வலிக்காதுன்னு புராணத்துல போட்டிருக்கா?"

"இல்ல."

"பாவம் கனக்கிற பக்கம் தலை சாயும்னு போட்டிருக்கா?"

திருமேனிநாதர் குடத்தை இறக்கிக் கீழே வைத்தார்.

"அதுவும் இல்ல. எல்லாரும் என் வாயையே பார்த்துட்டு நின்னாங்க. ஏதாவது சொல்லணுமேன்னு நானாச் சேர்த்தேன்."

சீடர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வெளியேறினார்.

மண்டபத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. கூடை நிறைந்து கூம்பாக நின்றது. இருளாயி குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"எங்குடிசை விழலைன்னா அது எங்குத்தமா? ஓலைதானே, விழுந்தாலும் யாரைக் கொல்லும்? வேணும்னா ஆளுக்கு ஒரு கட்டு ஓலை தர்றேன், எடுத்துட்டுப் போய் மேய்ஞ்சுக்கோங்க!"

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திருமேனிநாதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நிறுத்துங்கப்பா. ஆதிசேஷன் பூமியைத் தாங்குறது புராணம். பாவத்துக்குத் தலை சாய்க்கிறது என் சொந்தச் சரக்கு. இந்தப் பொண்ணை விட்டுடுங்க."

கூட்டம் சலசலத்தது. மாடக்கண்ணு அவர் எதிரில் வந்து நின்றான்.

"அப்ப எம்மக எதுக்குச் செத்தா?"

நிற்காத வாய் அன்று நின்றது.

"சொல்லுங்க. எதுக்குச் செத்தா?"

"தெரியல தம்பி."

"தெரியலைன்னு சொல்றதுக்கா இத்தனை வருசம் உங்களுக்கு மாலை போட்டோம்?"

அவர் தலை குனிந்தார். ஊர்த்தலைவர் சடையப்பன் தொண்டையைச் செருமினார். "நிறைஞ்ச கூடையை ஊருக்குள்ள கொட்ட முடியாது. யாராவது ஒருத்தர் சுமந்துதான் ஆகணும்."

"என் தலையில வைங்க," என்றார் திருமேனிநாதர்.

மாடக்கண்ணுவே கூடையைத் தூக்கி அவர் தலையில் வைத்தான். தண்ணீரைவிட மண் கனம். நாலு எட்டுக்கு ஒரு தரம் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டே நடந்தார். அவர் பிறந்த வீடும் ஏடுகளும் மண்டபமும் பின்னால் போயின. எல்லைக்கல்லைத் தாண்டிக் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மடத்தை நோக்கி நடந்தார். பின்னாலேயே வந்திருந்த மாடக்கண்ணு வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினான்.

மறுநாள் காலை பூமி மறுபடியும் ஆடியது. பெரிதாக இல்லை. மடத்தில் குடத்துத் தண்ணீர் நலுங்கியது, கூரையிலிருந்து தூசி கொட்டியது. அவ்வளவுதான். ஆனால் திருமேனிநாதரால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தார்.

"சாமி, போச்சு. இனிமே இருளாயியை விடமாட்டாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, இருளாயியே குழந்தையோடு வந்து நின்றாள். கையில் ஒரு சட்டிக் கஞ்சி இருந்தது.

"எனக்காகச் சுமந்தீங்களேன்னு காய்ச்சினேன் ஐயா. கொண்டு வரலாம்னு கிளம்பும்போதே ஆடிருச்சு. ஊர்ல மறுபடி வாசல் மண்ணைச் சுரண்டுறாங்க."

கஞ்சியை நடுவில் வைத்தாள். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவரும் தொடவில்லை. குழந்தைகூடச் சிணுங்கவில்லை.

வெயில் ஏறியபோது மாடக்கண்ணு வந்தான். கூடை கையில் இருந்தது. அடியில் கொஞ்சம் மண் கிடந்தது. கண்கள் சிவந்திருந்தன. இருளாயி குழந்தையை மடியில் இழுத்துப் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அவன் முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே பேசினான்.

"பிரசங்கியாரை அனுப்பியாச்சு. அப்பவும் ஆடுது. அப்ப இவதானா? இல்ல, அந்தச் சுவரைக் கட்டுன நான்தானா? சொல்லுங்க சாமி. ஊர் என்னைத்தான் கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கு. யாராவது ஒருத்தர் தலையில இதை வச்சாத்தான் எனக்கு நிக்கும்."

"என்ன நிக்கும்?"

மாடக்கண்ணு நெஞ்சில் கை வைத்தான்.

"இங்க ஆடுறது."

"நேத்து இவர் தலையில நீதானே தூக்கி வச்சே?"

"ஆமா."

"நின்னுச்சா?"

அவன் திருமேனிநாதரைப் பார்த்தான். அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கூடை அழுத்திய தடம் தெரிந்தது.

"நிக்கல சாமி."

"இன்னிக்கு இந்தப் பொண்ணு தலையில வச்சா, மதியம் உனக்குச் சோறு இறங்குமா?"

மாடக்கண்ணு நடப்பதை நிறுத்தினான். முந்தானைக்கு வெளியே குழந்தையின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு உதடு கோணியது.

"இறங்காது."

சாமி கஞ்சிச் சட்டியைக் கொஞ்சம் நகர்த்தி, தன் பக்கத்தில் இடம் விட்டார்.

"அப்ப அந்தக் கூடையைக் கவுத்துப் போட்டு, அது மேல உக்காருப்பா. எங்களுக்கும் இன்னும் இறங்கல."