ஆறு ஆவாரையும் அன்னக்கொடியும்

மூக்கனேரிப்பட்டியில் சடையப்பன், குழந்தைவேலு, இருளப்பன் என்று மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவர்கள்மேல் பிரியம் வைத்திருப்பவன்.

மூத்தவன் சடையப்பனின் மனைவி அன்னக்கொடி ஒருநாள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பின்னே? வாசலில் தானாக முளைத்த தும்பையையும் நொச்சியையும் களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் ரோஜாவை நட்டு, மூன்று பேரும் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்?

"இந்த வாசலுக்கு ஒரு பட்டாம்பூச்சி வரட்டும். அப்பதான் நானும் வருவேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். சடையப்பன் மூன்று நாள் அழுதான். நாலாம் நாள் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு நாற்றுப் பண்ணைக்குப் போனான்.

பண்ணைக்கார அண்ணாச்சி பொறுமைசாலி. "வெளியூர்ச் செடி எதுவும் வேண்டாம். நம்ம மண்ணுல வளர்ற ஆவாரையை வைங்க. மருந்து கிருந்து அடிச்சிராதீங்க. இலையில ஓட்டை விழுந்தா சந்தோஷப்படுங்க. பட்டாம்பூச்சி வரப்போகுதுன்னு அர்த்தம்" என்றார்.

ஆறு கன்று வாங்கினார்கள். பாதி வழியில் இருளப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணே, பண்ணை இருக்கிறது பக்கத்து ஊரு. அப்ப இதெல்லாம் வெளியூர்தானே?"

நேரே கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ஆறு கன்றுக்கும் இருப்பிடச் சான்றிதழ் கேட்டார்கள். அவர் கன்றுகளைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். "நானே கண்ணால பாத்துட்டேன். இதெல்லாம் நம்மூருதான், போங்க" என்றார். நல்ல மனுஷன்.

கன்றுகள் தழைத்தன. ஆனால் இருபது நாளாகியும் ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை.

"ஓட்டை விழலையேடா, உங்க மதினி எப்படி வருவா?" என்று சடையப்பன் கண்கலங்கினான்.

"யாரு போடணும்னு அண்ணாச்சி சொல்லலையே" என்றான் குழந்தைவேலு. "நாமதான் போடணும்போல."

இருளப்பன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அங்கே காகிதம் கோக்கத் துளை போடும் கருவியைக் கொண்டுவந்தான். இலைக்கு இரண்டு ஓட்டை, வரிசை பிசகாமல் போட்டு முடித்தார்கள். சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறாரே என்று செடி முன்னால் நின்று அரைமணி நேரம் சிரித்தார்கள். தெருவுக்கே கேசரி கொடுத்தார்கள். எனக்கும் வந்தது, நெய் தாராளம்.

அடுத்த வாரம் நிஜமாகவே பச்சைப் புழுக்கள் வந்து இலையைத் தின்ன ஆரம்பித்தன.

"யாருடா இவனுக? நாம அளந்து போட்ட ஓட்டைய நாசம் பண்றானுக!"

"மொகத்தப் பாத்தாலே தெரியுது, வெளியூர்க்காரனுக."

"கொன்னா பாவம். எல்லையைத் தாண்டி விட்டுட்டு வந்துருவோம்."

சடையப்பன் எல்லாவற்றையும் தூக்குச்சட்டியில் போட்டு, வழியில் பசிக்குமே என்று நாலு இலையும் வைத்து, பஸ்ஸில் கொண்டுபோய் மாமியார் ஊர்ச் சாலையோர ஆவாரையில் பத்திரமாக விட்டான். தூரத்தில் அன்னக்கொடி குடத்தோடு போவது தெரிந்தது. பட்டாம்பூச்சி வராமல் முகத்தைக் காட்டக்கூடாது என்று வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து அழுதுவிட்டு ஊர் திரும்பினான்.

இரண்டு வாரம் கழித்து, பையும் கையில் ஒரு கொத்து ஆவாரம்பூவுமாக அன்னக்கொடியே வாசலில் வந்து நின்றாள்.

"மனசு கேக்கல. பட்டாம்பூச்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வந்துட்டேன்."

அந்தக் கொத்திலிருந்து ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி எழும்பி, வாசல் ஆவாரையில் போய் உட்கார்ந்தது.

"மதினியும் வந்தாச்சு, பட்டாம்பூச்சியும் வந்தாச்சு!" என்று இருளப்பன் குதித்தான்.

"பொறுடா" என்று குழந்தைவேலு கையை நீட்டினான். "இது எந்த ஊரு?"

"எங்க அம்மா ஊரு ரோட்டோரத்துல பூ பறிச்சப்ப கூடவே வந்திருக்கும்" என்றாள் அன்னக்கொடி, பாவம், வெள்ளந்தியாக.

மூன்று முகமும் தொங்கிப்போயின.

சடையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே துண்டால் பட்டாம்பூச்சியைப் பிடித்து ஊறுகாய் பாட்டிலில் விட்டான். அவள் பையைத் தன் தோளில் மாட்டினான். "என்ன செய்ய அன்னக்கொடி, நீ சொன்ன வாக்கு பொய்யாயிரக் கூடாதே" என்று அழுதுகொண்டே பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனான். அவள் பூங்கொத்தைப் பிடித்தபடியே பின்னால் நடந்தாள்.

அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, பாட்டிலை அவள் மடியில் வைத்தான். பஸ் கிளம்பியது. கூடவே ஓடிக்கொண்டு கத்தினான்:

"இத உங்க ஊருலயே விட்டுரு! நீ மட்டும் சீக்கிரம் வந்துரு தாயி, நீ இல்லாம வீடு வீடாவே இல்ல!"