மணைக்கு எந்த லென்ஸ்?

"மாஸ்டர், கேமராவுக்குள்ள அட்சதை விழுந்துட்டு."

சொர்ணலிங்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

ரெஜினா சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டாள் என்பதுதான் சரி.

கோவில்பட்டியில் கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் மாஸ்டர். வயது முப்பத்திரண்டு. சொர்ணலிங்கம் ஐம்பதைத் தாண்டியவர். ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் அவளிடம்தான் ஓடுவார். அதில் கௌரவம் பார்க்கிற ஆள் இல்லை.

"எப்படி விழுந்துச்சு?"

"ஐயர் கெட்டிமேளம்னு கையைத் தூக்குதாரு. நான் ஜூம் லென்ஸைக் கழத்திட்டு எய்ட்டி ஃபைவ் லென்ஸை மாட்டிட்டு இருக்கேன். கேமரா வாயைப் பொளந்துட்டு நிக்கி. எந்த மகராசனோ கை நிறைய வீசிட்டான்."

"தாலி கட்டுற படம்?"

"இல்ல."

பெண் வீட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "போகட்டும் விடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வியாழக்கிழமை எங்க கோமதிக்கு முகூர்த்தம், மாஸ்டர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எடுத்தேன். என் பிள்ளைக்குத் தாலி ஏறுற படத்தை நான் எடுக்க வேண்டாமா? அதுவும் போச்சுன்னா தாங்க மாட்டேன்."

"ஜூமை ஏன் கழத்துனீங்க?"

"அது கேமராவோட சேர்ந்து வந்தது. கிட்டயும் எடுக்கும், தூரத்துலயும் எடுக்கும், ஒண்ணுலயும் கெத்து இருக்காது. எய்ட்டி ஃபைவ்னா முகம் அப்படியே பளிச்சுன்னு நிக்கும். என்ன, அதுல ஜூம் கிடையாது. நாமதான் முன்னப்பின்ன நடக்கணும். நடந்துட்டுப் போறேன்."

ரெஜினா காற்றடித்து அட்சதையை வெளியே எடுத்தாள். எய்ட்டி ஃபைவை மாட்டி கேமராவை நீட்டினாள். ஜூமைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"வியாழக்கிழமை உங்க கால் எங்க இருக்கும், அண்ணே?"

"இதென்ன கேள்வி? எங்கிட்டத்தான் இருக்கும்."

"சரி, போயிட்டு வாங்க."

வழியெல்லாம் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை பட்டு வேட்டியோடு, கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடை ஏறினார். ஐயர் மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் பொண்ணுக்குத் தோப்பனாரா, போட்டோகிராஃபரா?"

"ரெண்டும்தான் சாமி."

"அப்படின்னா மணையில உட்காரும். தாலி ஏறுற வரைக்கும் எழுந்திரிக்கப்படாது."

உட்கார்ந்தார். கால் இரண்டையும் மடக்கிச் சம்மணம் போட்டார். அப்போதுதான் ரெஜினா காலைப் பற்றிக் கேட்டது அவருக்கு உறைத்தது.

தாரை வார்த்துக் கொடுத்துவிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்தார். மாப்பிள்ளையின் காது தெரிந்தது. காது மட்டும்தான் தெரிந்தது. பின்னால் நகரலாம் என்றால் முதுகுக்குப் பின்னே சம்பந்தியம்மாள். எழுந்தால் ஐயர்.

மேடையோரம் ரெஜினா வந்து நின்றாள். கேமராவை வாங்கி, துப்பட்டாவால் மூடிக்கொண்டு, பையிலிருந்த ஜூமை மாட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

சொர்ணலிங்கம் வளையத்தைத் திருகினார்.

மணமேடை முழுக்க உள்ளே வந்தது. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு கோமதியின் நாத்தனார். மகளின் பின்னலை ஒதுக்கிவிடும் மனைவி. இன்னும் கொஞ்சம் திருகினார். கடைசி வரிசையில், இடுப்புவலியோடு சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அவருடைய அக்கா, நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

உட்கார்ந்த இடத்தைவிட்டு அவர் இம்மிகூட நகரவில்லை. அத்தனை பேரும் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

இத்தனை வருஷம் சோறு போட்ட லென்ஸ். ஒரு நாள்கூட அதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்கு அதைக் கும்பிடலாம்போல இருந்தது. கை காலியாக இல்லாததால் விட்டார்.

கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை பறந்தது.

மகளின் கழுத்தருகே திருகிக் கொண்டுபோனார். மஞ்சள் கயிறு தெரிந்தது. மாப்பிள்ளையின் விரல்கள் தெரிந்தன. சட்டென்று எல்லாம் கலங்கிப்போய்விட்டது.

"மாஸ்டர்! லென்ஸ் கைவிட்டுட்டு!"

மேளத்துக்கு மேலே ரெஜினாவின் குரல் கேட்டது.

"கைவிடல அண்ணே. கண்ணைத் துடைங்க."